ஸ்லாட் மெஷின்: பெட்டிக்குள் நடக்கும் கணக்கும், பொத்தானைத் தொடுமுன் நாம் போட வேண்டிய கணக்கும்

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். என் சின்னம்மா மகன் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை செய்கிறான். போன ஆடியில் சின்னம்மா அவனுடைய பேங்க் ஸ்டேட்மென்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நான் இருபது வருசமாகக் கம்பெனிக் கணக்கு எழுதுகிறவள். ஆறு வாரத்துத் தாள்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் ராத்திரி ஒன்பதரைக்கு மேல் 200, 200, 500, 500, 1,000 என்று வரிசையாகப் பற்று. ஒரு நாள் ஒன்றே முக்கால் மணிக்கு ஒரு 300. சிவப்புப் பேனாவை எடுத்துக் கூட்டினேன். போனது 41,300. நாலு வரவில் திரும்பி வந்தது 3,850.

"என்ன கண்ணு இது?" என்று கேட்டேன். ஸ்லாட் ஆப் என்றான். பணம் கட்டிப் பொத்தானை அழுத்தினால் படம் போட்ட சக்கரங்கள் சுற்றி நிற்கும், ஒரே படம் வரிசையாக நின்றால் பணம் தரும் சூதாட்டம். அதைப் பெட்டியாகச் செய்து வைத்திருப்பதுதான் ஸ்லாட் மெஷின். போனைத் திறந்து ஒரு பக்கத்தையும் காட்டினான். "92 சதவீதம் திருப்பித் தருதுன்னு இதுலயே போட்டிருக்குதுங்க்கா. ஆயிரம் போட்டா 920 வந்துரணுமில்லைங்க்கா?"

அவன் பொய் சொல்லவில்லை. அந்த எண்ணை நம்பித்தான் ஆடியிருக்கிறான். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு அன்றைக்கு மூன்று மணி நேரம் ஆனது. அப்போது சொன்னதையும், கோவாவில் நானே உட்கார்ந்து எண்ணிப் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன். ஸ்லாட் மெஷினில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு விலை உண்டு. அதை வெளியே எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள். கருங்கல்பாளையம் மாட்டுச்சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அதுபோல விலை துணிக்குள் இருக்கிறது. அதை வெளியே எடுக்கக் கற்றுக்கொண்டால் போதும். மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

முதலில், எங்கே ஆடலாம், எங்கே கூடாது

தமிழ்நாட்டில் பணம் வைத்து ஸ்லாட் ஆட எங்கும் அனுமதி இல்லை. போனிலும் கிடையாது. நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022-ல் கொண்டுவந்த ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. நடத்துகிறவருக்கு மட்டுமின்றி ஆடுகிறவருக்கும் அதில் தண்டனை உண்டு. மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அந்தத் தடையிலிருந்து விலக்கியது. "கோர்ட்டே விட்டுருச்சுங்க" என்று டீக்கடையில் பேசிக்கொள்வது அதை வைத்துத்தான். அது திறமை உள்ள ஆட்டங்களைப் பற்றிய தீர்ப்பு. ஸ்லாட்டில் திறமைக்கு இடமே இல்லை, அதனால் தடை அப்படியே நிற்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுவதுக்கும் தடை செய்துவிட்டது.

ஆகவே உங்கள் போனில் பணம் கேட்கும் ஸ்லாட் ஆப் இருந்தால் அது வெளிநாட்டிலிருந்தோ ஒளிவுமறைவாகவோ நடப்பது. அதற்குள் இருக்கும் கணக்கை எந்த அரசும் சோதித்துப் பார்க்கவில்லை. 92 என்று எழுதியிருப்பது 92 தானா என்று கேட்க ஆள் இல்லை. போன் ஸ்லாட்டைப் பொறுத்தவரை நிதானமாக ஆடும் முறை என்று எதுவும் கிடையாது. அழித்துவிடுங்கள்.

சட்டப்படி நேரில் ஆடும் இடங்கள் வேறு. இந்தியாவில் கோவா, சிக்கிம் போன்ற சில இடங்கள்தான். கோவாவில் 1992-ல் ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் மெஷின் வைக்க அனுமதித்தார்கள், அப்புறம் பனாஜியில் மாண்டோவி ஆற்றில் கேசினோ என்னும் சூதாட்டக் கப்பல்கள் வந்தன. உள்ளே போக 21 வயது ஆக வேண்டும். நம் பக்கத்து ஆட்கள் கோவா டூர், சிங்கப்பூர் டூர், மலேசியாவில் கெந்திங் மலை என்று போகும்போது இந்த மெஷின்களைப் பார்க்கிறார்கள். ஒரு விசயத்தைக் கவனியுங்கள். 2020-லிருந்து கோவாக்காரர்கள் கோவா கேசினோவில் போய் ஆடக் கூடாது. சிங்கப்பூரில் வெளிநாட்டுக்காரர் இலவசமாக உள்ளே போகலாம், அந்த ஊர்க் குடிமகன் 24 மணி நேரத்துக்கு 150 சிங்கப்பூர் டாலர் கட்ட வேண்டும். கடையை வைத்திருக்கும் ஊரே தன் பிள்ளைகளை வாசலில் நிறுத்துகிறது.

லங்கர் கட்டையிலிருந்து தொடங்குவோம்

எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பியில் ராட்டினத்துக்குப் பின்னால் ஒரு மூலையில் லங்கர் கட்டை உருட்டுவார்கள். அதுவும் சட்டப்படி தப்புதான், அதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டே படியுங்கள். ஆறு சின்னம் வரைந்த துணி, ஆறு முகத்திலும் அதே சின்னங்கள் உள்ள மூன்று கட்டைகள், ஒரு டப்பா. நீங்கள் ஒரு சின்னத்தில் காசு வைக்கிறீர்கள். உங்கள் சின்னம் ஒரு கட்டையில் விழுந்தால் ஒரு பங்கு, இரண்டில் விழுந்தால் இரண்டு பங்கு, மூன்றிலும் விழுந்தால் மூன்று பங்கு. வைத்த காசும் திரும்பி வரும்.

பார்க்க நியாயமான ஆட்டம். ஆறு சின்னம், மூன்று கட்டை, பாதிக்குப் பாதி என்றுதான் மனசு சொல்லும். கணக்கு வேறு சொல்கிறது. மூன்று கட்டை விழக்கூடிய விதங்கள் 6 × 6 × 6, அதாவது 216. இதில் உங்கள் சின்னம் ஒன்றில்கூட விழாதவை 5 × 5 × 5 = 125. ஒரு கட்டையில் மட்டும் விழுபவை 75, இரண்டில் விழுபவை 15, மூன்றிலும் விழுவது 1. ஒவ்வொரு விதமும் ஒரு தடவை வந்ததாக வைத்து ஒரு ரூபாய் வீதம் ஆடினால் உங்களுக்கு லாபம் 75 + 30 + 3 = 108 ரூபாய், நட்டம் 125 ரூபாய். 216 ரூபாய் வைத்து ஆடியதில் 17 ரூபாய் கட்டைக்காரரிடம் போய்விட்டது. நூற்றுக்கு 7.87.

கட்டைக்காரர் ஏமாற்றவில்லை. கட்டையில் ஈயம் வைக்கவில்லை. பணம் தரும் விதத்திலேயே அவர் பங்கு உட்கார்ந்திருக்கிறது. ஸ்லாட் மெஷினும் இதே ஆட்டம்தான், தகரப் பெட்டிக்குள்.

என் தம்பிக்கு இதை வாயால் சொல்லி ஏறவில்லை. சின்னம்மா சமையல்கட்டிலிருந்து ஒரு படி புளியங்கொட்டை கொண்டுவந்தார். பிள்ளைகள் விளையாடும் பெட்டியிலிருந்து மூன்று பகடை. அவனுக்கு 100 கொட்டை, சின்னம்மா கட்டைக்காரர். ஒன்றிலிருந்து ஆறு வரை ஏதாவது ஒரு எண்ணில் ஒரு கொட்டை வைக்க வேண்டும். முதல் இருபது உருட்டில் அவன் கை ஓங்கியது, முகமெல்லாம் சிரிப்பு. நூறாவது உருட்டில் அவன் கையில் 94. அவன் நிறுத்தவில்லை. ராத்திரி பத்து மணிக்கு, முந்நூறைத் தாண்டியபோது, 71. சின்னம்மா முறத்தில் கொட்டையை அள்ளிக்கொண்டே, "நான் சும்மா டப்பாவைத்தானே கண்ணு குலுக்கினேன்" என்றார். நீங்களும் வீட்டில் ஒரு தடவை செய்து பாருங்கள். சராசரியாக நூறு உருட்டுக்கு எட்டுக் கொட்டை போகும். ஒரு நாள் லாபம்கூட வரும், ஒரு நாள் இருபது போகும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கையால் தொட்டுப் பார்ப்பது இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாவற்றையும்விட முக்கியம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

1890-களில் சான் பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே என்ற மெக்கானிக் மூன்று சக்கரம் வைத்த மெஷின் ஒன்றைச் செய்தார். பெயர் லிபர்ட்டி பெல். குதிரை லாடம், சீட்டுக்கட்டுச் சின்னங்கள், மணி. மூன்று மணி வரிசையாக நின்றால் 50 சென்ட். அந்தச் சக்கரத்துக்குத்தான் ரீல் என்று பெயர். அந்தக் காலத்து மெஷினில் ரீலில் எத்தனை சின்னம் இருக்கிறதோ அதுதான் வாய்ப்பு. கண்ணால் எண்ணிவிடலாம்.

இன்றைக்கு எண்ண முடியாது. 1984-ல் டெல்னெஸ் என்ற பொறியாளருக்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கிடைத்தது. ரீல் எங்கே நிற்க வேண்டும் என்பதை ஸ்பிரிங்கும் பல்சக்கரமும் தீர்மானிக்காமல் ஒரு கம்ப்யூட்டர் தீர்மானிக்கும் முறை அது. உள்ளே ஒரு நிரல் நொடிக்கு நொடி, யாரும் ஆடாதபோதும், எண்களைக் கொட்டிக்கொண்டே இருக்கும். நீங்கள் பொத்தானை அழுத்தும் கணத்தில் எந்த எண் விழுகிறதோ அதுவே முடிவு. அதற்குப் பிறகு ரீல் சுற்றுவது, மெதுவாவது, நிற்பது எல்லாம் முடிந்துபோன முடிவைப் படமாகக் காட்டுவதுதான்.

இந்த முறையில் இன்னொரு வேலையும் நடக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ரீலில் 22 இடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று ரீலுக்கும் சேர்த்து 10,648 விதம். ஜாக்பாட், அதாவது உச்சப் பரிசுக்கான சின்னம் ரீலுக்கு ஒன்று என்றால் பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்பு என்று நினைப்பீர்கள். உள்ளே கம்ப்யூட்டரில் இருக்கும் ரீலுக்கு 64 இடம் இருக்கலாம். அதில் ஜாக்பாட்டுக்கு ஒரே ஒரு இடம். அப்போது வாய்ப்பு 2,62,144-ல் ஒன்று. மிச்ச இடங்களில் பலவற்றை ஜாக்பாட் சின்னத்துக்கு மேலும் கீழும் உள்ள வெற்று இடங்களுக்கு ஒதுக்கிவிடலாம். அப்படி ஒதுக்கினால் சின்னம் கோட்டுக்கு ஒரு விரல்கடை மேலே வந்து நிற்பது அடிக்கடி நடக்கும். "ஐயோ, நூலிழையில் போச்சே" என்று தோன்றும். அந்த நூலிழை செய்து வைத்தது.

நாமே ஒரு மெஷின் செய்வோம்

தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ரீல், ஒவ்வொன்றிலும் 10 இடம். ஒரு இடத்தில் பொள்ளாச்சி இளநீர், மூன்று இடத்தில் ஈரோட்டு மஞ்சள், ஆறு இடத்தில் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை. மொத்தம் 1,000 விதம். ஒரு ஆட்டம் ஒரு ரூபாய்.

மூன்று இளநீர் வருவது 1,000-ல் 1. அதற்கு 300 ரூபாய் தருவோம். மூன்று மஞ்சள் வருவது 27. அதற்கு 15 ரூபாய் வீதம், ஆக 405. மூன்று சர்க்கரை வருவது 216. அதற்குப் போட்ட ஒரு ரூபாயைத் திருப்பித் தருவோம், 216. கூட்டினால் 921. ஆயிரம் ரூபாய் வாங்கி 921 திருப்பித் தரும் மெஷின். இந்த 92.1 தான் ஆர்.டி.பி. (ரிட்டர்ன் டு பிளேயர், ஆடுகிறவருக்குத் திரும்பும் பங்கு) என்பது. மெஷின்காரர் பங்கு நூற்றுக்கு 7.9. லங்கர் கட்டைக்காரர் பங்கும் கிட்டத்தட்ட இதேதான், கவனித்தீர்களா?

இப்போது ஆடுகிறவர் கண்ணால் பாருங்கள். ஆயிரத்தில் 244 தடவை விளக்கு எரியும், மணி அடிக்கும். ஏறத்தாழ நாலுக்கு ஒன்று. மனசுக்கு அது தாராளம். ஆனால் போட்டதைவிட அதிகமாகக் கையில் வருவது 28 தடவைதான். மீதி 216 தடவையும் உங்கள் ரூபாயை உங்களிடமே தந்துவிட்டு மணி அடித்திருக்கிறது.

புது மெஷின்களில் இது இன்னும் மோசம். ஒரே சின்னம் வரிசையாக நின்றால் பணம் தரும் கோடுகள் பல இருக்கும். 20 கோடு, கோட்டுக்கு ஒரு ரூபாய், ஆக ஒரு ஆட்டத்துக்கு 20 ரூபாய். ஒரு கோட்டில் 8 ரூபாய் விழுகிறது. பாட்டும் வெளிச்சமுமாக "நீங்கள் வென்றீர்கள்" என்று திரை சொல்லும். உண்மையில் 12 ரூபாய் போயிருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் இதை வரவு என்று எழுதினால் எங்கள் ஆடிட்டர் என்னை வேலையை விட்டே அனுப்பச் சொல்வார்.

92 சதவீதம் எங்கே போனது

தம்பி கேட்ட கேள்விக்கு இப்போது பதில். 92 என்பது நீங்கள் உள்ளே கொண்டுபோன பணத்துக்குக் கணக்கு கிடையாது. ஒவ்வொரு தடவையும் பொத்தானை அழுத்தி உருட்டும் பணத்துக்குக் கணக்கு. ஆயிரம் ரூபாயை ஒரு முறை முழுக்க உருட்டினால் சராசரியாக 920 மிச்சம். அந்த 920-ஐ எடுத்துக்கொண்டு எழுந்து வந்தால் சரி. யாரும் எழுவதில்லை. அதையே மறுபடி உருட்டினால் 846. ஐந்தாம் சுற்றில் 659. பத்தாம் சுற்றில் 434. ஒவ்வொரு சுற்றிலும் மெஷின் எட்டே எட்டு சதவீதம்தான் எடுக்கிறது, சொன்ன சொல் தவறவில்லை. பை காலியாகிவிடுகிறது.

தம்பியின் நட்டம் 37,450. அந்த ஆப் சொன்னபடியே 8 சதவீதம் எடுத்திருந்தால், ஆறு வாரத்தில் அவன் உருட்டிய மொத்தத் தொகை சுமார் 4,68,000 ரூபாய். அவன் வாழ்நாளில் அவ்வளவு பணத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. அந்த எண்ணை எழுதிக் காட்டியபோதுதான் முதன்முதலாகப் பேசாமல் இருந்தான்.

ஒரு மணி நேரத்து விலை

இதுதான் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய கணக்கு. ஒரு ஆட்டத்துத் தொகை × ஒரு மணி நேரத்தில் ஆடும் ஆட்டங்கள் × மெஷின்காரர் பங்கு.

நாலு வருசத்துக்கு முன்னால் கம்பெனி ஆட்களோடு குடும்பமாகக் கோயம்புத்தூரில் ரயிலேறி கோவா போயிருந்தோம். கப்பலில் நானும் 20 ரூபாய் ஆட்டத்தில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பிடிக்க, நான் எண்ணினேன். 10 நிமிடத்தில் 93 ஆட்டம். அவசரப்படாமலேயே. அப்படியென்றால் மணிக்கு 558. அதை 20-ஆல் பெருக்கினால் 11,160 ரூபாய் உருட்டல். 8 சதவீதம் என்று வைத்தால் மணிக்கு ஏறத்தாழ 890 ரூபாய் விலை. லங்கர் கட்டைக்காரர் எல்லோரும் காசு வைக்கக் காத்திருந்து நிமிடத்துக்கு ஒரு தடவைதான் உருட்டுவார். அதே 20 ரூபாய், அதே பங்கு, மணிக்கு 60 உருட்டு, விலை 96 ரூபாய்தான். இரண்டுக்கும் வித்தியாசம் வேகம் மட்டுமே. பிரிட்டனில் ஆன்லைன் ஸ்லாட்டில் ஒரு சுற்றுக்கு இரண்டரை நொடியாவது ஆக வேண்டும், தானாக ஓடும் வசதி கூடாது என்று 2021-ல் விதி போட்டதற்குக் காரணம் இதுதான்.

பங்கு எவ்வளவு என்று மெஷினில் எழுதியிருக்காவிட்டால் 10 என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள். அமெரிக்காவின் நெவாடாவில் மெஷின் குறைந்தபட்சம் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் கேட்பதே 75 சதவீதம்தான். நியூ ஜெர்சியில் 83.

ஒரே ஆர்.டி.பி. உள்ள இரண்டு மெஷின் ஒரே மாதிரி நடக்காது. ஒன்று சின்னச் சின்னதாக அடிக்கடி தரும், இன்னொன்று நூறு ஆட்டம் வாயே திறக்காமல் ஒரு நாள் பெரிதாகத் தரும். எந்தச் சின்னத்துக்கு எவ்வளவு என்று காட்டும் பே டேபிளில் உச்சப் பரிசு மிகப் பெரிதாக இருந்தால் இரண்டாவது வகை என்று கொள்ளுங்கள். பல மெஷின்களைக் கோத்து ஒரே ஜாக்பாட் வைப்பது அதிலும் முற்றியது. நெவாடாவில் 1986-ல் தொடங்கிய மெகாபக்ஸ் அப்படிப்பட்டது. 2003-ல் லாஸ் வேகாசில் ஒருவருக்கு அதில் 3.97 கோடி டாலர் விழுந்தது. அந்தப் பணம் ஆயிரக்கணக்கானவர்கள் ஒவ்வொரு ஆட்டத்திலும் விட்ட சில்லறை.

"இனி கொடுத்துத்தானுங்களே ஆகணும்"

அதே கப்பலில் எனக்கு அடுத்த மெஷினில் ஒரு பெரியவர். பேச்சைக் கேட்டதுமே கோபிப் பக்கம் என்று தெரிந்தது. மூன்று மணி நேரமாக எழுந்திருக்கவில்லை. அவர் மனைவி சாப்பிடக் கூப்பிட்டபோது, "இவ்வளவு போட்டாச்சு அம்மிணி, இனி கொடுத்துத்தானே ஆகணும். எந்திரிச்சா வேற எவனாச்சும் வந்து எடுத்துக்குவான்" என்றார்.

கிணறு வெட்டுகிற மனசு அது. நூறு அடி போனால் ஊற்று கிட்டத்தில் இருக்கும். கிணற்றுக்குக் கீழே தண்ணீர் நிஜமாகவே இருக்கலாம், மெஷினுக்குக் கீழே எதுவும் சேர்ந்திருப்பதில்லை. ஒரு ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் சம்பந்தமே கிடையாது. அதற்கு ஞாபகம் இல்லை. அவர் எழுந்த மறு நிமிடம் வேறு ஒருவருக்கு ஜாக்பாட் விழுந்தாலும் அது அவருடையது ஆகாது, ஏனென்றால் அவர் அதே நொடியின் அதே துளியில் பொத்தானை அழுத்தியிருக்க மாட்டார். "சூடான மெஷின்", "ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் தரும்", "வாசல் பக்கத்து மெஷின் தாராளம்" என்பதையெல்லாம் காதில் வாங்காதீர்கள்.

எப்போது வரும் என்று தெரியாத பரிசுதான் கையை விடாமல் பிடித்து வைக்கிறது. ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்துக் காட்டிய விசயம் இது. எத்தனை கொத்துக்கு ஒரு தடவை தீனி வரும் என்று தெரியாதபடி வைத்தால் புறா கொத்திக்கொண்டே இருக்கும்.

ஆடத்தான் போகிறீர்கள் என்றால்

கோவாவுக்கோ சிங்கப்பூருக்கோ போகிறீர்கள், ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று ஆசை. அதில் தப்பில்லை. இதைச் செய்யுங்கள்.

வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தொகையைத் தீர்மானியுங்கள். மேலே சொன்ன கணக்கைப் போட்டு, "இரண்டு மணி நேரம், 1,800 ரூபாய்" என்று எழுதுங்கள். சராசரிதான் 1,800. உங்கள் நாள் மோசமாக அமைந்தால் இரண்டு மடங்கும் போகலாம். அதனால் 1,800-ஐ ரொக்கமாக ஒரு கவரில் போட்டுக்கொள்ளுங்கள், அது தீர்ந்தால் நேரம் மிச்சமிருந்தாலும் ஆட்டம் முடிந்தது. டூர் செலவு என்ற தலைப்பில் அன்றைக்கே எழுதிவிடுங்கள். கடன் வாங்கிய பணம், சீட்டுப் பணம், நூல்காரருக்குத் தர வேண்டிய பணம் ஆகியவை அந்தக் கவருக்குள் வரக் கூடாது. ஏ.டி.எம். கார்டும் போனும் ஆடாத ஆளிடம் இருக்கட்டும்.

உள்ளே போனதும் உட்காராதீர்கள். ஒரு சுற்று நடந்து பாருங்கள். மெஷினில் "ஒரு ரூபாய்" என்று போட்டிருந்தால் அது ஆட்டத்துத் தொகை என்று நம்பிவிடாதீர்கள். அது ஒரு கிரெடிட்டின் விலைதான். 25 கோடு, கோட்டுக்கு இரண்டு கிரெடிட் என்றால் ஒரு அழுத்தலுக்கு 50 ரூபாய். திரையின் கீழே மொத்தத் தொகை காட்டும் கட்டம் இருக்கும், அதை மட்டும் பாருங்கள். மேக்ஸ் பெட் என்ற, அதிகபட்சத் தொகையை ஒரே அழுத்தலில் வைத்துவிடும் பொத்தான் கைக்கு வாகாகப் பெரிதாக இருக்கும். அதில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் பே டேபிளைத் திறந்து எதற்கு எவ்வளவு என்று ஒரு தடவை முழுதாகப் படியுங்கள்.

ஆடும்போது வேகத்தைக் குறையுங்கள். தானாகச் சுற்றும் வசதியைத் தொடாதீர்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவில் கையை மடியில் வையுங்கள், பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள். நிமிடத்துக்கு ஐந்து ஆட்டம் என்று ஆடினால் என்னுடைய 890 ரூபாய் 480 ஆகிவிடும். இந்த விலையைக் குறைக்க ஆடுகிறவர் கையில் இருப்பவை ஆட்டத்துத் தொகையும் வேகமும் மட்டுமே.

ஏதாவது பெரிதாக விழுந்தால் உடனே பணமாக மாற்றி வேறு பையில் போடுங்கள். அந்தப் பை அன்றைக்குத் திறக்கக் கூடாது. இந்தியாவில் வென்ற பணத்துக்கு 30 சதவீத வருமான வரி உண்டு, அதுவும் இதற்கு முன் தோற்றதைக் கழித்துக்கொள்ள முடியாது என்பதும் நினைவில் இருக்கட்டும். இலவசச் சாப்பாடு, இலவசச் சாராயம், உறுப்பினர் கார்டுச் சலுகை எல்லாமே உங்களிடமிருந்து வரப்போகும் பணத்தில் ஒரு சிறு பங்கைப் பிரித்துத் தருவதுதான். குடித்துவிட்டு மட்டும் உட்காராதீர்கள்.

கை மீறிப் போனால்

சில அடையாளங்கள். விட்டதைப் பிடிக்க ஆடுவது, தொகையை வீட்டில் மறைப்பது, ஆட்டத்துக்காகக் கடன் வாங்குவது, நிறுத்தினால் எரிச்சல் வருவது. இவை இருந்தால் அது ஒழுக்கக் குறைவு என்று யாரும் திட்ட வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இடம் பெற்றிருக்கும் பிரச்சினை இது, மருத்துவம் உண்டு. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. ஆப் ஏமாற்றிப் பணத்தைப் பிடித்து வைத்திருந்தால் 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கு அன்றைக்கே சொல்லுங்கள், நாள் கடந்தால் பணத்தை நிறுத்தி வைப்பது கடினம்.

தம்பி விசயத்தில் நாங்கள் செய்தது இவ்வளவுதான். ஆப்பை அவனே எங்கள் எதிரில் அழித்தான். யு.பி.ஐ. வரம்பை நாளைக்கு 500 என்று குறைத்தோம். அக்கம்பக்கத்தில் வாங்கியிருந்த 12,000 கடனை நான் கட்டினேன், மாசம் ஆயிரம் எனக்குத் தர வேண்டும் என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். திட்டவில்லை. சின்னம்மாவையும் திட்ட விடவில்லை. திட்டினால் மறைப்பான், மறைத்தால் மறுபடி ஆடுவான். இடையில் ஒரு தடவை வழுக்கினான், 400 ரூபாய். அவனே வந்து சொன்னான்.

போன வாரம் ஸ்டேட்மென்டைக் கொண்டுவந்து காட்டினான். சனிக்கிழமைக்கு நேரே மூன்று வரிதான். சம்பள வரவு, சின்னம்மாவுக்கு அனுப்பியது, ராத்திரி எட்டே காலுக்குப் புரோட்டாக் கடையில் 180.